சோகமாக முடிந்தால்தான் பரிசா?

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை ஒத்துப்போகிறது என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி, போன தடவை நீ புலம்பிய புலம்பல் அப்படி. இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. கண்ணாடி மாற்றினேன், பவர் ஏறியிருக்கிறது, பொடி எழுத்துப் புத்தகங்களை எல்லாம் இனி உன் தலையில்தான் கட்டப்போகிறேன். சேகர் நன்றாக இருக்கிறான், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசி வந்துவிட்டது, வருஷா வருஷம் படித்ததில் பிடித்ததை எழுதி வைக்கும் நம் பட்டியலைப் போட்டாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நீ ஒரு கேள்வியைப் போட்டுவிட்டாய்: புக்கர், புலிட்சர் மாதிரிப் பெரிய இலக்கியப் பரிசுகளே உங்கள் கதைகளுக்கு வந்தாகிவிட்டது, இன்னும் எதற்கு ‘கே’ புனைவுக்கென்று, அதாவது ஆண்களைக் காதலிக்கும் ஆண்களின் கதைகளுக்கென்று, தனிப் பரிசு, தனித் தொகுப்பு, தனி அலமாரி? நியாயமான கேள்விதான். நானும் சில நாள் அப்படி நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தப் பரிசுகள் எப்போது பிறந்தன என்று பார். கே, லெஸ்பியன் எழுத்துகளுக்கான லாம்ப்டா விருதுகளை முதன்முதலில் கொடுத்தது 1989-இல், அமெரிக்காவில். ஏதோ பெரிய அறக்கட்டளையோ பல்கலைக்கழகமோ தொடங்கியது இல்லை, வாஷிங்டனில் இருந்த லாம்ப்டா ரைசிங் என்ற புத்தகக் கடையைச் சுற்றி வளர்ந்தது. எய்ட்ஸ் கொத்துக்கொத்தாக ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது, ஆரம்பத்தில் எய்ட்ஸ் இலக்கியத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். ஃபெரோ-கிரம்லி விருதின் கதை இன்னும் கனம். ராபர்ட் ஃபெரோ, மைக்கேல் கிரம்லி இருவரும் எழுத்தாளர்கள், காதலர்கள், 1988-இல் சில வாரங்கள் இடைவெளியில் இருவரும் போய்விட்டார்கள். அவர்கள் பெயரில்தான் அந்தப் பரிசு. நியூயார்க்கில் 1980 வாக்கில் வயலட் க்வில் என்று ஏழு எழுத்தாளர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டி, வாசிப்பு முடிந்ததும் விருந்து வைத்துச் சாப்பிட்டுப் பிரிவார்களே (விருந்தின் இனிப்புக்காகத்தான் கூடினார்கள் என்றுகூடக் கிண்டல் உண்டு), அந்த ஏழு பேரில் இந்த இருவரும் உண்டு. ஏழில் நான்கு பேரை எய்ட்ஸ் கொண்டுபோனது. மிஞ்சியவர்களில் ஒருவரான எட்மண்ட் வைட் 2025 ஜூனில்தான் காலமானார், எண்பத்தைந்து வயது. அன்றைக்கு வருஷா வருஷம் ‘இந்த ஆண்டின் சிறந்தவை’ என்று யாரோ உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது அழகுப் போட்டி நடத்த அல்ல. இன்னார் இருந்தார், இதை எழுதினார் என்று யாராவது எழுதி வைக்க வேண்டியிருந்தது.

அது பழைய கதை, இன்றைக்கு என்ன என்று கேட்பாய். இன்றைக்கு என் குறை வேறு. பெரிய பரிசுக்காரர்கள் எங்கள் கதைகளை எடுக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதையைத்தான் எடுக்கிறார்கள். 2004-இல் ஆலன் ஹாலிங்ஹர்ஸ்ட்டுக்கு புக்கர், 2020-இல் டக்ளஸ் ஸ்டூவர்ட்டுக்கு. இரண்டுமே அருமையான நாவல்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டூவர்ட்டின் ‘ஷகி பெய்ன்’ கையெழுத்துப் பிரதியை முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஆனாலும் ஒன்றில் எய்ட்ஸ், இன்னொன்றில் குடியில் அழியும் தாய். அழுதால்தான் இலக்கியம் என்று யார் சொன்னது?

ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டரையே எடுத்துக்கொள். இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் ‘மாரிஸ்’ நாவலை 1913–14-இலேயே எழுதிவிட்டார். கடைசியில் காதலர்கள் சேர்ந்தே தீர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பிறகு எழுதிய பின்குறிப்பில் அவரே சொல்கிறார், பையன் தூக்கில் தொங்கியிருந்தாலோ இருவரும் சேர்ந்து செத்திருந்தாலோ பிரச்சினையே இருந்திருக்காது, சந்தோஷமாக முடித்ததால்தான் வெளியிடுவது கஷ்டமாகிவிட்டது என்று. நெருங்கிய நண்பர்கள் சிலருக்குக் காட்டியதோடு சரி, அவர் இறந்த பிறகு 1971-இல்தான் அச்சில் வந்தது. இங்கிலாந்தில் ஆண்–ஆண் உறவுக்கு எதிரான சட்டம் 1967-இலேயே தளர்ந்துவிட்டது, அப்போதும் அவர் வெளியிடவில்லை. புத்தகத்தின் சமர்ப்பணம் என்ன தெரியுமா? இதைவிட மகிழ்ச்சியான ஓர் ஆண்டுக்கு! மனுஷருக்கு என்ன நம்பிக்கை பார்.

இந்த வருஷம் என் பட்டியலில் முதல் இடம் ‘லெஸ்’ நாவலுக்கு. ஆண்ட்ரூ ஷான் கிரியர் எழுதியது, 2018-இல் புலிட்சர் வாங்கியது. பெரிய பரிசுக்காரர்கள் ஒரே மாதிரிக் கதையைத்தான் எடுக்கிறார்கள் என்ற என் வாதத்தை இது உடைக்கிறதே என்று நீ துள்ளுவாய், உடைக்கட்டும், விதிவிலக்கு என்று வைத்துக்கொள். ஐம்பதை எட்டப்போகும் ஒரு சுமாரான எழுத்தாளர், பழைய காதலனின் கல்யாணத்துக்குப் போகாமல் தப்பிக்க, உலகத்தில் எந்த மூலையிலிருந்து அழைப்பு வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். ஜெர்மனியில் தன் ஜெர்மன் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசும் இடத்தை சேகருக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவனுக்கு. இத்தாலியில் ஒரு பரிசுக்கு இவர் பெயர் இருக்கிறது, நடுவர்கள் யார் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்! தன் நாவலை மொழிபெயர்ப்பாளர்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறார் என்று இவருக்கே சந்தேகம் வேறு.

ஆனால் நான் நின்றுபோன இடம் பாரிஸில் ஒரு விருந்து. இன்னொரு எழுத்தாளர் இவரைத் தனியாக நிறுத்தி, நீ மோசமான எழுத்தாளன் இல்லை, மோசமான கே என்கிறார். ஏனாம், இவர் நாவலில் நாயகன் எல்லாக் கஷ்டமும் பட்டுவிட்டுக் கடைசியில் மனைவியிடமே திரும்பிப் போகிறான், நம் உலகத்தின் அழகைக் காட்டுவது உன் கடமை இல்லையா என்று. கேட்கும்போது இவர் முகம் போகிற போக்கு சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. அந்த ஆள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம், பாதி இல்லை. கடமைக்காக சந்தோஷமாக முடிக்கும் கதைகளையும் நிறையப் படித்தாகிவிட்டது, அவை பெரும்பாலும் சவசவ என்று இருக்கும்.

அதனால்தான் தொகுப்புகள் வேண்டும் என்கிறேன். லெத்தே பிரஸ் என்ற சின்னப் பதிப்பகத்தில் ஸ்டீவ் பெர்மன் ‘வைல்ட் ஸ்டோரீஸ்’ என்று ஒரு வரிசையை 2008-இல் தொடங்கிப் பல வருஷம் நடத்தினார், அந்தந்த வருஷத்தின் கே பேய்க் கதை, மாயக் கதை, அறிவியல் புனைவு இவற்றில் நல்லதைப் பொறுக்கி. ஏதோ ஒரு சிற்றிதழில் வந்து அடுத்த மாதம் காணாமல் போகவேண்டிய சிறுகதையை எந்த புக்கர் நடுவர் தேடி எடுக்கப்போகிறார்? அவருக்கு நாவல் வேண்டும். பேய்க் கதையில் வரும் இரண்டு ஆண்களுக்குத் தாங்கள் யார் என்ற குழப்பம் எதுவும் இருக்காது, குழப்பம் எல்லாம் மாடியில் நடக்கும் சத்தத்தைப் பற்றித்தான். எனக்கு அது பெரிய ஆறுதல். உனக்குச் சாதாரணமாகத் தோன்றலாம், நீ சின்ன வயதிலிருந்து படித்த எல்லாக் கதையிலும் உன்னைப் போன்றவன் பேயைப் பார்த்தான், கொலையைத் துப்பறிந்தான், நிலாவுக்குப் போனான். எங்களைப் போன்றவன் கதைக்குள் வந்தாலே அழுவதற்கென்றுதான் வந்தான்.

ஆக, இந்த வருஷம் நம் பட்டியலுக்கு ஒரு புது விதி போடுகிறேன்: சிறுகதை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், சாவில் முடிவது ஒன்றுக்கு மேல் கூடாது. நீ வழக்கம்போல விதியை மீறுவாய் என்று தெரியும், மீறினால் காரணத்தோடு எழுது. கமலாவையும் இந்தத் தடவை ஒரு பட்டியல் போடச் சொல், போன வருஷம் ‘லெஸ்’ஸை எனக்குச் சொன்னதே அவள்தான், நீ இல்லை.

அன்புடன்,
முரளி