கொழும்பு விமானமும் வண்ணாரப்பேட்டைக் கடைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தை விற்பதா, இலங்கை அரசே வைத்துக்கொள்வதா என்பது குறித்து நாளிதழ்களில் அவ்வப்போது வரும் செய்திகளைத் தவறாமல் படித்துவருகிறேன். அச்செய்திகள் பெரும்பாலும் வணிகப் பக்கத்தில் கடன் தொகையோடு முடிந்துவிடுகின்றன. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜவுளிக் கடை நடத்திவருபவன் நான். அந்த நிறுவனத்தின் விமானங்களும் வழித்தடங்களும் என்ன ஆகின்றன என்பது எங்கள் தெருவின் வியாபாரத்தையும், கடல் கடந்து எங்களிடம் வரும் குடும்பங்களையும் நேரடியாகத் தொடும் செய்தி என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு ஆகிய ஊர்களிலிருந்து கல்யாண வீட்டார் எங்கள் கடைகளுக்கு வருகிறார்கள். நாம் முகூர்த்தப் பட்டு என்பதை அவர்கள் கூறைச்சேலை என்பார்கள். அச்சொல் இன்று எங்கள் கடைப் பையன்களுக்கும் பழகிவிட்டது. மண்ணடியில் அறை எடுத்துத் தங்கி, இரண்டு மூன்று நாட்களில் மணப்பெண்ணுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் வேண்டியதை எல்லாம் எடுத்துவிட்டு, விமானத்தில் அனுமதிக்கப்பட்ட எடைக்குள் பெட்டி அடங்குமா என்ற கவலையோடு திரும்புவார்கள். அவர்களுக்காகவே கொக்கியில் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு ஒன்றைக் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் 'குருவி' என்று அழைக்கப்படும், பெட்டிகளில் சரக்கு கொண்டுபோய்க் கொண்டுவந்து பிழைக்கும் எளிய மனிதர்களின் வாழ்க்கையும் இதே கொழும்பு விமானத்தை நம்பித்தான் நடக்கிறது. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு வடசென்னையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு வண்டி மாறாமல் போக முடிகிறது. கொழும்பு போய்வருவது எங்கள் பகுதியினருக்கு மதுரை போய்வருவதைவிட எளிது என்று சொல்லும் நிலை வந்திருக்கிறது.

இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனமான எயார் சிலோன், 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து புறப்பட்ட டகோட்டா விமானம் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறை (இன்றைய பலாலி) வழியாக மதராசுக்குத்தான் வந்தது. லண்டனும் சிட்னியும் அதற்குப் பின்னர் வந்தவை. அந்நிறுவனம் 1978-இல் மூடப்பட்டு, 1979-இல் எயார் லங்கா என்ற பெயரில் புதிய நிறுவனம் பிறந்தது. 1998-இல் எமிரேட்ஸ் நிறுவனம் பங்குகளை வாங்கி நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டதை ஒட்டி அது ஸ்ரீலங்கன் ஆனது. 2001 ஜூலையில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டு, நிறுவனத்திடம் இருந்த விமானங்களில் ஏறத்தாழப் பாதி அழிந்தோ சேதமடைந்தோ போன பின்னரும்கூட அது எழுந்து நின்றது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

அதன் பிறகு அதை வீழ்த்தியது வெளியிலிருந்து வந்த அடி என்று நான் கருதவில்லை. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து புறப்படவிருந்த விமானத்தில், பணம் கட்டிய பயணிகளை இறக்கிவிட்டு அன்றைய ஜனாதிபதியின் குழுவினருக்கு இடம் தர நிர்வாகம் மறுத்தது. அதைத் தொடர்ந்து தலைமை நிர்வாக அதிகாரியின் வேலை விசா ரத்து செய்யப்பட்டது. 2008-இல் எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பயணச்சீட்டு வாங்கியவரின் இருக்கை அவருக்கே உரியது என்று சொன்னதற்காக ஒரு நிர்வாகி நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது என்பதே, அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நிறுவனம் எப்படி நடத்தப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. 2013-இல் தெற்கு இலங்கையில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்குப் போதிய பயணிகள் இல்லாமலே விமானங்களை இயக்கவைத்தார்கள். 2015 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. அதே 2013-இல் ஏர்பஸ் நிறுவனத்தின் 6 ஏ330 விமானங்களும் 4 ஏ350 விமானங்களும் வாங்க முடிவாயிற்று. மேலும் 4 ஏ350 விமானங்கள் குத்தகைக்குப் பேசப்பட்டன. பிறகு ஆட்சி மாறி, ஏ350 விமானங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது, ஒரு நாளும் பறக்காத விமானங்களுக்காகப் பல கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பேரத்தில் லஞ்சம் விளையாடியது 2020 ஜனவரியில் பிரிட்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஏர்பஸ் சமரச உடன்பாட்டில் வெளிவந்ததைப் படித்தபோது, எடைக்கு அஞ்சிப் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்து வைத்துவிட்டுப் போகும் என் வாடிக்கையாளர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

2022-இல் நடந்ததை நாம் அனைவரும் பார்த்தோம். கொழும்பில் எரிபொருள் இல்லாமல், நெடுந்தூரம் செல்லும் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அரசு உத்தரவாதம் அளித்த 17.5 கோடி டாலர் கடன் பத்திரத்தை 2024 ஜூனில் தவணை வந்தபோது தீர்க்க முடியவில்லை. இன்ஜின் கிடைக்காமல் சில விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. ரணில் விக்கிரமசிங்க அரசு விற்பனைக்கு அழைப்பு விடுத்தபோது 6 தரப்பினர் விருப்பம் தெரிவித்தும் எதுவும் கைகூடவில்லை. அநுர குமார திசாநாயக்க அரசு விற்பனையைக் கைவிட்டு, நிறுவனத்தைத் தானே சீரமைப்பதாகக் கூறியிருக்கிறது.

சீரமைப்பு என்று பேசும்போதெல்லாம் பெரிய விமானங்களையும் ஐரோப்பிய நகரங்களையும் பற்றியே பேசுவதுதான் எனக்குப் புரியவில்லை. 2016-இல் பாரிஸ், பிராங்க்பர்ட் பயணங்கள் நிறுத்தப்பட்டு, ஐரோப்பாவில் லண்டன் ஒன்றே எஞ்சிய காலத்திலும் சென்னை, திருச்சி, மதுரை விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2024-இல் இலங்கைக்குச் சென்ற ஏறத்தாழ 20 லட்சம் சுற்றுலாப் பயணிகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். வேறு எந்த நாட்டிலிருந்தும் அத்தனை பேர் செல்லவில்லை. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான இந்தக் குறுகிய பயணத்தை ஆதாரமாகக் கொண்டுதான் நெடும்பயணங்களைத் திட்டமிட வேண்டும். அதற்கு முதல் சோதனை யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஸ்ரீலங்கன் விமானத்தில் சென்னைக்கு வர வேண்டுமானால், சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்கு இரவு முழுவதும் பேருந்தில் போய், அங்கிருந்து வந்த திசையிலேயே திரும்பிப் பறக்க வேண்டும். 2019-இல் பலாலி விமான நிலையம் திறக்கப்பட்டபோது சென்னைக்குப் பறந்தது நம் நாட்டின் அலையன்ஸ் ஏர். கொரோனாவால் 2020 மார்ச்சில் அது நின்றது. மீண்டும் தொடங்க 2022 டிசம்பர் ஆனது. இடைப்பட்ட காலத்தில் அத்தடத்தில் பறக்க வேறு நிறுவனம் எதுவும் இல்லை. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோவும் பறக்கிறது. அங்கே இரு நிறுவனங்களும் பயன்படுத்துவது ஏ.டி.ஆர். என்னும் காற்றாடி விமானங்கள். ஸ்ரீலங்கனிடம் இருப்பவை அனைத்தும் ஏர்பஸ் ஜெட் விமானங்கள். 1947-இல் காங்கேசன்துறையைத் தொட்டு மதராசுக்கு வந்த நாட்டின் தேசிய நிறுவனத்திடம், இன்று நீளம் குறைந்த அந்த ஓடுதளத்துக்கு ஏற்ற விமானம் ஒன்றுகூட இல்லை. வேறு நிறுவனங்கள்தாம் பறக்கின்றனவே என்று கேட்கலாம். ஆனால் லண்டனிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ ஸ்ரீலங்கனில் வரும் ஒரு யாழ்ப்பாணத் தமிழர், ஒரே பயணச்சீட்டில், ஒரே பெட்டி அனுமதியில் தம் ஊர்வரை செல்லும் வசதியை அவர்களால் தர இயலாது.

நம் ஏர் இந்தியாவின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2018-இல் 76 சதவீதப் பங்குகளை விற்க முயன்றபோது ஒருவரும் வரவில்லை. கடனில் பெரும்பகுதியை அரசு தனியாகப் பிரித்து ஏற்றுக்கொண்ட பிறகே 2022 ஜனவரியில் அது டாடா குழுமத்திடம் போனது. கடனை இறக்கிவைக்காமல் வாங்குபவர் வரமாட்டார் என்பது அதில் தெரிந்த பாடம். ஸ்ரீலங்கனை அரசு வைத்துக்கொள்வதா விற்பதா என்பது இலங்கை மக்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் எந்த முடிவானாலும், சென்னை, திருச்சி, மதுரைத் தடங்களைக் குறைக்கக் கூடாது என்பதும், பலாலிக்கு விமானம் விட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்க, அந்தப் பயணச்சீட்டுகளுக்குப் பணம் கொடுக்கும் எங்களுக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

புதிதாக விமானம் வாங்கப் பணம் இல்லாத இந்நிலையில், ஓரிரு ஏ.டி.ஆர். விமானங்களை விமானிகளோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து, கல்யாணப் பருவங்களிலாவது பலாலிக்கும் சென்னைக்கும் இடையே இயக்கிப் பார்க்கலாம். இலங்கை அமைச்சர்கள் சென்னைக்கு வரும்போது தமிழ்நாடு அரசும், சென்னையின் வணிகர் சங்கங்களும் இதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழும், அடுத்த முறை இந்நிறுவனத்தின் கடனைப் பற்றி எழுதும்போது, பலாலித் தடத்தைப் பற்றி அதன் நிர்வாகத்திடம் ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் தரும் பதிலை வெளியிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜவுளி வணிகர் ஒருவர்,
எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 21.