ஞாயிறு வாசிப்புக் கூட்டம்: ‘ட்ராய் நகரப் பெண்கள்’

அனைவருக்கும் வணக்கம்.

நம் முன்னாள் மாணவர் வாசிப்புக் குழு வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குக் கல்லூரி நூலக மாடியில் கூடுகிறது. கி.மு. 415இல் ஏதென்ஸில் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீசின் ‘ட்ராய் நகரப் பெண்கள்’ நாடகத்தைப் பற்றிப் பேசவிருக்கிறோம். கிரேக்கப் படையிடம் ட்ராய் நகரம் வீழ்ந்து ஆண்கள் மாண்டபின், ட்ராய் அரசி ஹெகுபா கிரேக்கத் தலைவன் ஒடிசியஸுக்கும், மகள் கசாண்ட்ரா கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானுக்கும், மருமகள் ஆண்ட்ரமாக்கி தன் கணவன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீசின் மகனுக்கும் அடிமைகளாகப் பங்கிடப்படுகிறார்கள். இது அரங்கேறுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவைக் கைப்பற்றி, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. வென்றவர்களின் நகரிலேயே தோற்றவர்களின் அழுகையை மேடையேற்றிய துணிவை நாம் மறந்துவிடக் கூடாது.

1. நாடகத்தை முழுமையாகப் படித்து வாருங்கள். எந்த மொழிபெயர்ப்பானாலும் சரி.

2. கோட்டை மதிலிலிருந்து எறிந்து கொல்லப்பட்ட பேரனை ஹெக்டரின் கேடயத்தில் கிடத்தும் ஹெகுபா, அதன் கைப்பிடியில் பதிந்திருக்கும் மகனின் கைத்தடத்தையும் விளிம்பில் படிந்த வியர்வைக் கறையையும் பார்த்துப் பேசும் பகுதியை உரக்க வாசிக்க ஒருவர் தேவை. நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

3. ஆண்ட்ரமாக்கியிடமிருந்து குழந்தையைப் பிரிக்கும் காட்சி மனத்தை மிகவும் வருத்தும். பேச விருப்பமில்லாதவர்கள் கேட்பதற்காக மட்டும் வரலாம்.

4. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் வருகையையும், வாசிக்க விருப்பமானால் அதையும், இக்குழுவிலேயே பதிலிடுங்கள்.

நன்றி.
ஒருங்கிணைப்பாளர்