நான்கு இன்புட்டில் ஒன்றில் மட்டும் 4கே: ரிசீவர் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ஏவி ரிசீவரை மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது

மதிப்பிற்குரிய ஐயா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ரிச்சி தெருவில் உங்கள் டீலரிடம் 42,000 ரூபாய் கொடுத்து ஏவி ரிசீவர் (பிளேயர், பாக்ஸ் இவற்றின் படத்தை டிவிக்கும் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் கருவி) வாங்கினேன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வசனம் நடு ஸ்பீக்கரில் தனியாக வந்தால்தான் அவருக்குப் புரியும். அதற்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிய பொருள் இது. அட்டைப்பெட்டியில் பெரிதாக '4கே' என்று, அதாவது மிகத் தெளிவான படம் வரும் என்று போட்டிருந்தது. பின்னால் நான்கு எச்டிஎம்ஐ இன்புட், அதாவது படமும் சத்தமும் ஒரே கேபிளில் வந்து சேரும் துளைகள்.

முதல் இன்புட்டில் 4கே ப்ளூரே பிளேயர், மூன்றாவதில் ஸ்ட்ரீமிங் பாக்ஸ். பிளேயரில் ஒரு குறையும் இல்லை. பாக்ஸில் படம் போட்டால் ஐந்து வினாடியில் திரை கருத்துவிடும். ஸ்பீக்கரில் 'டொக்' என்று ஒரு சத்தம், படம் வரும், மறுபடி போகும். அப்பா தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

உங்கள் டெக்னீஷியன் வந்தார். கேபிள் சரியில்லை என்று 1,800 ரூபாய்க்குப் புதுசு ஒன்றை விற்றார். சரியாகவில்லை. அடுத்த முறை டிவியைக் குறை சொன்னார். பாக்ஸை நேராக டிவியில் செருகிப் பார்த்தேன், 4கே பளிச்சென்று வந்தது. அப்புறம் ரிசீவரின் முதல் இன்புட்டுக்கு மாற்றினேன், அதிலும் வந்தது. கையேட்டைப் புரட்டியபோதுதான் 87ஆம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், எச்டிசிபி 2.2 முதல் இன்புட்டுக்கு மட்டும் என்று இருப்பதைப் பார்த்தேன்.

எச்டிசிபி என்பது நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. பாக்ஸ், ரிசீவர், டிவி மூன்றும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான் படம் போகும். நடுவில் ஒன்று பழைய பதிப்பாக இருந்தால் படம் தெளிவு குறைந்து 1080க்கு இறங்கும், இல்லையென்றால் நின்றே போகும். 4கே படத்துக்குத் தேவைப்படும் 2.2 பதிப்பு வந்தது 2013இல். அது சிப்பிலேயே இருக்க வேண்டியது. ஆனால் உங்கள் கால் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் வரும் என்று சொல்லி ஒரு மாதம் காக்க வைத்தார்கள்.

பாக்ஸை டிவியில் செருகி, டிவியிலிருந்து சத்தத்தைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வழியாக அதை ரிசீவருக்கு எடுக்கலாம் என்றும் சொன்னார்கள். பாக்ஸுக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு இன்னொரு 4கே பிளேயர் வாங்கினால்? என் டிவியின் ஏஆர்சியில் டால்பி ட்ரூஎச்டி போன்ற, தரம் இழக்காத ஒலி வராது. அந்த ஒலிக்காகத்தானே ரிசீவரே வாங்கினேன்! கடைசியாக டெக்னீஷியன், நடுவில் செருகினால் அந்த எச்டிசிபி பூட்டையே கழற்றிவிடும் ஸ்பிளிட்டர் என்ற சின்னக் கருவி ஒன்று கிடைக்கும் என்றார். எனக்கு அது வேண்டாம். மாதாமாதம் சந்தா கட்டி, டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கிறவன் நான். பென் டிரைவில் திருட்டுப் படம் பார்ப்பவருக்கு இந்தக் கருப்புத் திரை வருவதே இல்லை. ஒழுங்காகப் பணம் கட்டியவன் வீட்டில்தான் வருகிறது. அந்த விதியை நீங்கள் போடவில்லை, தெரியும். ஆனால் மூன்று இன்புட் அந்த விதிக்குப் பொருந்தாது என்பதைப் பெட்டியில் போடாமல் விற்றது நீங்கள்.

நான்கு இன்புட்டிலும் 2.2 உள்ள மாடலை மாற்றிக் கொடுங்கள். முடியாவிட்டால் ரிசீவருக்கும் கேபிளுக்கும் சேர்த்து 43,800 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். எந்த இன்புட்டில் 4கே வரும் என்பதை இனி பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பில், கேபிள் ரசீது, கையேட்டின் அந்தப் பக்கத்தின் போட்டோ மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்