பல்லைப் பிடுங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் முக வலி, தாடை வலி பற்றி விரிவாக ஒரு கட்டுரை வர வேண்டும்.

என் அம்மா ஸ்ரீராமபுரத்தில் பூ கட்டி விற்கிறார். பூ வாங்க விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போகும்போது குளிர்காற்று முகத்தில் பட்டாலே வலது தாடையில் கரண்ட் அடித்ததுபோல் சுரீர் என்று இழுக்கும். சில வினாடிகள்தான், அப்புறம் ஒன்றும் இருக்காது. பல் துலக்கினாலும் சோற்றை மென்றாலும் மறுபடி வரும். மஞ்சள் பூசுவதையே விட்டுவிட்டார். பல்வலி என்று ஒரு கிளினிக்கில் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். எக்ஸ்ரேயில் சொத்தை எதுவும் இல்லை, ஆனாலும் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரசு பல் மருத்துவக் கல்லூரியின் வாய் மருத்துவப் பிரிவில்தான் சரியான கேள்விகளைக் கேட்டார்கள்: வலி எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைத் தொட்டால் வருகிறது? இது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக நரம்பு வலி என்று சொல்லி, மூளை, நரம்பு நோய்களுக்கான நிமான்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முகம், ஈறு, பல் எல்லாவற்றின் உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோவது ஒரே நரம்பு. அதனால்தான் நரம்பில் கோளாறு இருந்தும் பல் வலிப்பதுபோல் இருக்கிறது. எம்ஆர்ஐயில் ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்துவது தெரிந்தது.

கார்பமசெபின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வலிப்புக்குத் தரும் மாத்திரையாயிற்றே என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். இந்த வலிக்கு முதலில் தருவதே அதைத்தான். ஆனால் தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், சோடியம் குறைகிறதா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும், நாமாக நிறுத்தவும் கூடாது. மாத்திரை கேட்காவிட்டால் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அம்மா இப்போது நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

எல்லா வலியும் இது ஆகாது. காதுக்கு முன்னால் மந்தமாக வலித்து, வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் தாடை மூட்டு. மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி இவற்றிலேயே பலருக்குச் சரியாகிவிடும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி வந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம்.

அக்டோபர் 7 ட்ரைஜெமினல் நியூரால்ஜியா விழிப்புணர்வு நாள். அன்றைய இதழில் இந்தக் கட்டுரை வந்தால் நல்லது. பல் டாக்டர்களும் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.