வால்வைத் திறப்பதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் உலை எரிக்க ஃபர்னஸ் ஆயிலை (உலை எண்ணெயை) விட்டு எரிவாயுவுக்கு மாறும் பட்டறைகளில் முதலில் எழும் குறை, "கேஸில் சூடு பத்தவில்லை" என்பதுதான். உடனே எரிவாயுவைக் கூட்டக் கை பர்னர் வால்வுக்குப் போகிறது. அது தவறு.

1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் ஓடும் உலையில், சூடாக்க வைத்த சரக்குக்குப் பெரும்பகுதி வெப்பம் கதிர்வீச்சாகவே போய்ச் சேருகிறது. எண்ணெய்ச் சுடரில் நுண்கரித் துகள்கள் மஞ்சளாக ஒளிர்ந்து வெப்பத்தை வீசும். எரிவாயுவின் நீலச் சுடரில் அந்தக் கரி கிடையாது. வீசுவதெல்லாம் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வீசுவதில்லை. அதனால் எரிவதற்குத் தேவையானதைவிடக் காற்று கூடினால் இரண்டு வகையில் நட்டம்: சுடரும் குளிரும், வீசும் வாயுக்களும் நீர்த்துப்போகும்.

புகை உலையை விட்டு வெளியேறும் இடத்திலேயே ஆக்சிஜனை அளக்க வேண்டும். 2 முதல் 3 சதவீதம் போதும். கார்பன் மோனாக்சைடு தலைகாட்டினால் காற்றைச் சற்றுக் கூட்டலாம். ஆக்சிஜன் 6, 7 சதவீதம் என்று காட்டினால் பர்னரை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே இழுபடும். டேம்பரை (புகைபோக்கியின் தடுப்புத் தகட்டை) சரிசெய்து, உலைத்தள மட்டத்தில் அழுத்தம் வெளியைவிட அரை முதல் 1 மி.மீ. உயர நீரின் அழுத்த அளவு கூடுதலாக நிற்கும்படி வைத்தால் இது அடங்கும்.

சரக்கைக் கூரை வரை அடுக்குவதும் கெடுதல். வாயுப் படலம் மெலிந்தால் அதன் வீச்சும் மெலியும். சூடேறிய சுவரும் கூரையும் வீசுவது அடியில் உள்ள துண்டுகளுக்கு எட்டாது.

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைகிறதே, அதற்கும் கணக்கு உண்டு. 1,200 டிகிரி உலையில் 30 செ.மீ. சதுரத் திறப்பு வழியே ஏறக்குறைய 24 கிலோவாட் வெளியேறும். சுவரின் தடிமன் அதைக் கொஞ்சம் குறைக்கலாம். காற்றை முன்சூடேற்றாத உலையில், புகையோடு போவதையும் சேர்த்தால், இதை ஈடுகட்ட மணிக்குச் சுமார் 6 கன மீட்டர் இயற்கை எரிவாயு செலவாகும். 1,000 டிகிரியில் இந்த இழப்பு பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

புகைவாயுவை அளக்கும் கருவியைச் சிறு பட்டறைகள் தனித்தனியே வாங்குவது சிரமம். மதுரை மாவட்டத் தொழில் மையம் ஒரு கருவியை வாங்கி, வாடகைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

- உலைப் பொறியாளர், திருமங்கலம்