எல்லோரையும் ஒரே விசிலில் கிளப்ப வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடப்பது வழக்கம். 13 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவியருக்கு 10 கி.மீ. என்று வயதும் தூரமும் அறிவிப்பில் தெளிவாக இருக்கும். எந்த வகைப் பந்தயம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விசில் ஊதியதும் மொத்தமாகக் கிளம்புவதுதான் சைக்கிள் ரேஸ் என்று முடிவு கட்டிவிட்டோம்.

மொத்தமாகக் கிளம்பும் பந்தயம் பார்க்க ஆரவாரம்தான். ஆனால் அது கூட்டத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்கு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால், ஒட்டி வருபவருக்கு உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதனால் யாரும் விலகமாட்டார்கள். முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் ஓரங்குலம் ஏறியிருந்தால் போதும். முன்னவர் ஒரு பள்ளத்துக்காகச் சற்று ஒடித்தாலும் டயரும் டயரும் உரசும். விழுவது பின்னவர்தான், ஏனென்றால் ஹேண்டில்பார் திருகுவது அவருக்கு. அவர்மேல் இன்னும் பத்துப் பேர்.

அலங்காநல்லூர் வாடிவாசலில் காளைகளை ஒவ்வொன்றாகத்தானே அவிழ்க்கிறோம்? சைக்கிளில் அப்படி ஒவ்வொருவராக அனுப்பி, யார் எடுத்த நேரம் குறைவு என்று பார்ப்பதற்குப் பெயர் டைம் டிரையல். 30 நொடிக்கு ஒருவராக அனுப்பினால் 60 பேர் அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். 5 கி.மீ. போய்த் திரும்பும் பாதையில் மணிக்கு 20 கி.மீ. ஓட்டும் மாணவிக்கும் அரை மணிதான். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

குளறுபடி பெரும்பாலும் கடிகாரத்தில் வரும். ஒவ்வொருவருக்கும் ஸ்டாப்வாட்சை நிறுத்தி நிறுத்தி ஓடவிடக் கூடாது. கிளம்பும் இடத்துக்கு ஒன்று, முடியும் இடத்துக்கு ஒன்று என இரண்டையும் சேர்த்துவைத்து ஒரே நொடியில் ஓடவிட்டு, கடைசிவரை தொடாமல் விட வேண்டும். 14ஆம் எண் கிளம்ப வேண்டியது 6 நிமிடம் 30 நொடியில்; வந்தது 35 நிமிடம் 12 நொடியில்; கழித்தால் 28 நிமிடம் 42 நொடி. தாமதமாக வந்து நின்றால் இழப்பு அவருக்குத்தான். எண்ணை நெஞ்சில் குத்தினால் குனியும்போது மறையும். இடுப்புக்கு மேல் முதுகில் குத்த வேண்டும். திரும்பும் இடத்தில் ஒருவர் நின்று எண்களைக் குறிக்காவிட்டால் பாதியில் திரும்பியவர் முதலில் வந்துவிடுவார். முந்தப்பட்டவர் முந்தியவருக்குப் பின்னால் ஒட்டவும் கூடாது; சர்வதேச விதி கேட்பது 25 மீட்டர் இடைவெளி.

இதில் என்ன பரபரப்பு என்பார்கள். 1989 டூர் டி பிரான்ஸில் மூன்று வாரம் ஓட்டிய பிறகு, கடைசி நாள் 24.5 கி.மீ. டைம் டிரையலில்தான், 50 நொடி பின்தங்கியிருந்த அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் 8 நொடி வித்தியாசத்தில் பட்டத்தைப் பறித்தார்.

பழகிய இளைஞர்களுக்கு கிரைட்டீரியம் வைக்கலாம்: அடைத்த தெருவில் குறுஞ்சுற்று, கடைசிச் சுற்றுக்கு மணி. மாசி வீதிகளில் ஞாயிறு விடியற்காலையில் நடத்தினால் வாசலில் நின்றே ஊர் பார்க்கும். ஆனால் வளைவுகளில் பாதாளச் சாக்கடை மூடிகளை முதல் நாளே பார்த்துவைக்க வேண்டும், ஈரத்தில் வழுக்கும். திரும்பும்போது உள்பக்கப் பெடல் மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் தரையில் இடிக்கும். மலையேற்றத்துக்குச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுவதற்கு மட்டும் நேரம் எடுங்கள், இறக்கத்தில் போட்டி வேண்டாம்.

எந்த வகையானாலும் கிளம்பும் முன் வண்டிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும். செயின் அரை அங்குலத்துக்கு மேல் ஆடினால் கழலும். ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேகத்தடையில் இறங்கித் தரையில் மாட்டும். பழைய டியூப் துண்டால் இறுகக் கட்டிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
சாலைப் பந்தயப் பயிற்றுநர்கள் இருவர்,
திருப்பாலை, மதுரை.