சேகருக்கு, பினாங்கிலிருந்து

பினாங்கு
நவம்பர் 2022

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஈப்போவுக்கு மாற்றலா? நல்லது. தனியாகச் சமைத்துச் சாப்பிடட்டும், அம்மா சாம்பாரின் அருமை அப்போது தெரியும்.

கோவிட் வந்து ஒரு வருஷம் தாண்டியும் எனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டிருந்தாய். 2021 ஆகஸ்டில் நாட்டில் ஒரே நாளில் 24,000-க்கு மேல் கேஸ் போனதே, அந்த நேரத்தில்தான் நான் நாலாம் கேட்டகரியில், அதாவது ஆக்சிஜன் வைக்க வேண்டிய நிலையில், குப்புறப் படுத்துக் கிடந்தேன். இன்னும் ஒரு படி மோசமானால் வென்டிலேட்டர். தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாரும் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டரைத்தான் பார்த்தார்கள். "97 காட்டுதே, அப்புறம் என்ன?" உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் 97தான்! ஆஸ்பத்திரியில் ஆறு நிமிஷ நடை டெஸ்ட் வைத்தார்கள். நீள வராந்தா, இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு, விரலில் கிளிப், பக்கத்திலேயே ஒரு நர்ஸ். மூன்றாவது திருப்பத்தில் 88க்கு இறங்கிவிட்டது. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளைத் திட்டுகள். காற்றுப்பைகளின் சுவர் வீங்கி, ஆறும்போது சில இடங்களில் தழும்பாகிவிடுமாம். நிறையப் பேருக்கு மாதங்கள் போகப்போகக் குறைகிறது. எனக்கும் பெரும்பாலும் கரைந்துவிட்டது, கீழே கொஞ்சம் கோடுகள் மட்டும் பாக்கி.

ஆனால் மூச்சு வாங்கினால் நுரையீரல்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த நோய் ரத்தத்தையும் உறையவைக்கும், இதயத் தசையையும் வீங்கவைக்கும். எது வந்தாலும் நமக்குத் தெரிவது மூச்சுவாங்கல் ஒன்றுதான். அதனால் டாக்டர் ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தார். இதயம் நன்றாகவே அடிக்கிறது. எழுந்து நின்றால் மட்டும் படபடவென்று ஓடுகிறது. தண்ணீர் நிறையக் குடி, மெதுவாக எழுந்திரு என்றார். அவ்வளவுதான் வைத்தியம்!

உன் மச்சானுக்கும் கடுமையாக வந்து போனதாக எழுதியிருந்தாய். ஜிம்முக்குப் போக ஆரம்பித்துவிட்டாராமே! நெஞ்சு வலி, படபடப்பு ஏதாவது இருந்தால் முதலில் இதயத்தைப் பார்க்கச் சொல். தசை வீக்கம் இருந்தவர்களை மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியே வேண்டாம் என்கிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம், கிளினிக்கில் டோக்கன் எடுத்து உட்காராமல் நேரே எமர்ஜென்சிக்குப் போகட்டும். வீம்பு பிடித்த மனுஷன், நீதான் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு வா. தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி, இந்தத் தடவை எனக்கு அது வேண்டாம். நீங்கள் மேலே போய்வாருங்கள், நான் கீழே தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருப்பேன். ரயில் டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
மணியம்